பொதுக்குழாயிலிருந்து பிரியும் புல்தரை

2006 நவம்பரில் இஸ்கண்டார் மலேசியா வளர்ச்சி மண்டலம் அறிவிக்கப்பட்ட பிறகு, ஜோகூர் பாருவுக்கு மேற்கிலும் வடக்கிலும் ரப்பரும் எண்ணெய்ப்பனையும் நின்ற நிலங்கள் பல வீடமைப்புத் தாமான்களாக மாறின. அடுக்குமாடி வீடுகளுக்கென உருவான ஸ்ட்ராட்டா உரிமைச் சட்டம் 2007-இல் திருத்தப்பட்டு, நான்கு மாடிக்கு மிகாத தரைவீடுகளையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. அதன் பயனாக, சுற்றுமதிலும் காவல்சாவடியும் கொண்ட குடியிருப்புகளில், தனித்தனி வீடுகளைக் கொண்டிருந்தும் சாலை, வடிகால், பூங்கா, சில இடங்களில் புல்தரைக்கு நீர் பாய்ச்சும் குழாய் ஆகியவற்றைப் பொதுவில் வைத்துக்கொள்ளும் ஓர் ஏற்பாடு பரவியது. செமி-டி எனப்படும் இரட்டை வீடுகளில், ஒரே மேம்பாட்டாளர் இரு மனைகளுக்கும் சேர்த்து ஒரே தெளிப்புக் குழாயைப் பதித்துவிட்டுப் போவதும் உண்டு. வீடு கைமாறி, மதில் உயர்ந்து, ஒருவர் புல்லை நீக்கிக் கல் பதித்து, மற்றவர் பூஞ்செடி வளர்க்கத் தொடங்கும்போது, மண்ணுக்குள் புதைந்த அந்தக் குழாய் இரு குடும்பங்களுக்கும் சிக்கலாகிறது. அதைப் பிரிப்பது ஒரு மண்வெட்டியும் ஒரு ரம்பமும் இருந்தால் அரைநாளில் முடியும் வேலை என்றே பெரும்பாலோர் எண்ணுகின்றனர். நீரின் அழுத்தமும், அது பின்னோக்கிப் பாயும் இயல்பும், மீட்டரின் கணக்கும், நிலத்தின் உரிமையும் அந்த ஒரு குழாயில் ஒன்றுசேர்ந்திருப்பதால், உண்மையில் குழாயை அறுப்பதே இந்த வேலையின் மிக எளிய பகுதி.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது அழுத்தம். குழாயில் நிற்கும் நீரின் அழுத்தத்தை, அந்த நீர் எவ்வளவு உயரம் ஏறக்கூடும் என்பதைக் கொண்டு பொறியாளர்கள் அளக்கின்றனர். பத்து மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பார் ஆகும். புல்தரையில் தலைதூக்கி நீர் தெளிக்கும் சிறு தெளிப்பான்கள் சரியாக இயங்க இரண்டு பார் அளவும், நீரை வெகுதூரம் வீசிச் சுழலும் தெளிப்பான்கள் இயங்க மூன்று பார் அளவும் தேவைப்படுகின்றன. நீர் நிற்கும்போது, ஒரே மட்டத்தில் உள்ள குழாயெங்கும் இந்த அழுத்தம் ஒரே அளவில் இருக்கும். ஓடத் தொடங்கியதும் குழாயின் சுவரோடு உரசி அது தன் ஆற்றலில் ஒரு பகுதியை இழக்கிறது. இந்த உராய்விழப்பு, ஓடும் நீரின் அளவோடு நேர்விகிதத்தில் கூடுவதில்லை என்பதே பொதுக்குழாய்ச் சண்டைகளின் வேர். நீரோட்டம் இரு மடங்கானால் இழப்பு மூன்றரை மடங்குக்கும் சற்று மேலாகிறது. குழாயின் உள்விட்டம் பாதியானால் இழப்பு முப்பது மடங்கை நெருங்குகிறது.

உள்விட்டம் 20 மில்லிமீட்டர் உள்ள வழவழப்பான பிளாஸ்டிக் குழாய் ஒன்று 30 மீட்டர் நீளத்துக்கு ஓடுவதாகவும், அதன் வழியே ஒரு வீட்டின் தெளிப்பான்கள் நிமிடத்துக்கு 20 லிட்டர் எடுப்பதாகவும் கொண்டால், வழியில் இழக்கும் அழுத்தம் இரண்டு மீட்டர் நீர்த்தம்பத்துக்குச் சமம். யாரும் உணராத அளவு அது. அதே நேரத்தில் அடுத்த வீட்டின் தெளிப்பான்களும் திறந்து, மொத்த ஓட்டம் 40 லிட்டரானால், இழப்பு ஏழு மீட்டரைத் தாண்டுகிறது. இரண்டு பார் தேவைப்படும் தெளிப்பானுக்கு இது பெரிய அடி. அழுத்தம் குறைந்த தெளிப்பானிலிருந்து நீர் நுண்துளிகளாகப் பிரியாமல் கனத்த தாரையாக விழுவதால், விளிம்பில் ஒரு வளையம் மட்டும் நனைந்து, நடுவில் புல் பழுப்பேறிக் காய்கிறது. வட்டமாகக் காய்ந்த புல்லைக் கண்டதும் பூச்சி, பூஞ்சை என்று மருந்து தெளிப்போர் உண்டு; காரணம் பக்கத்து வீட்டு வால்வு திறக்கும் நேரமாக இருக்கலாம். இரு வீடுகளும் நேரத்தை மாற்றி வைத்துக்கொண்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும் என்பதால், பிரிக்க முனைவோர் முதலில் ஓர் அழுத்தமானியைத் தோட்டக்குழாயில் திருகி, அண்டை வீட்டார் நீர் பாய்ச்சும்போதும் பாய்ச்சாதபோதும் அதன் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்வது நல்லது.

மலேசிய வீடுகளில் காணப்படும் ஒரு சிக்கலும் இதில் சேர்கிறது. இங்கே சாலையிலிருந்து வரும் குடிநீர்க்குழாய் சமையலறைக் குழாய்க்கு நேராகச் செல்கிறது. குளியலறைக்கும் கழிவறைக்கும் உரிய நீர் கூரைக்கடியில் உள்ள தொட்டியில் ஏறித் தங்கிப் பின் இறங்குகிறது. பிரிக்கும்போது புதிய தோட்டக்குழாயை எங்கிருந்து எடுப்பது என்ற கேள்வி வருகையில், அருகில் கிடைத்த தொட்டிக்குழாயில் இணைத்துவிடும் பழக்கம் இருக்கிறது. தோட்டத்துக்கு ஐந்து மீட்டர் மேலே இருக்கும் தொட்டி தரக்கூடிய அழுத்தம் அரை பார் மட்டுமே. ரப்பர் குழாயைக் கையில் பிடித்து நீர் பாய்ச்ச அது போதும். தெளிப்பானின் தலை மண்ணைவிட்டு எழக்கூட அது போதாது. மீட்டரைக் கடந்த உடனே, வீட்டுக்குள் நுழையும் முன்பே கிளையெடுத்து, அந்தக் கிளையின் தொடக்கத்தில் தனி அடைப்பு வால்வு ஒன்றைப் பொருத்துவதே சரியான முறை. தோட்டத்தில் கசிவு ஏற்பட்டால் வீட்டின் நீரை நிறுத்தாமலேயே பழுது பார்க்க அந்த வால்வு உதவும்.

மண்ணுக்குள் இருப்பதைக் கண்டறிவது பொறுமை வேண்டும் வேலை. பொதுத் தெளிப்பு அமைப்புகளில், புல்லின் மட்டத்தில் பச்சை மூடியிட்ட பிளாஸ்டிக் பெட்டிகள் புதைந்திருக்கும். மூடியைத் திருப்புளியால் நெம்பித் திறந்தால், மழைநீரோடு வந்த செம்மண் பாதிப் பெட்டியை நிறைத்திருக்கும். எறும்புகள் புற்றுக் கட்டியிருக்கும். மண்ணை அள்ளிய பிறகு, வரிசையாக நிற்கும் மின்காந்த வால்வுகளும், ஒவ்வொன்றிலிருந்தும் வெளியேறும் இரண்டு மெல்லிய கம்பிகளும் தெரியும். இந்த வால்வுகள் 24 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்தால் திறப்பவை. இரண்டு கம்பிகளில் ஒன்று அந்த வால்வுக்கே உரியது. மற்றொன்று, பெரும்பாலும் வெள்ளை நிறத்தில், எல்லா வால்வுகளுக்கும் பொதுவாகக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் திரும்பிச் செல்வது. குழாயைப் பிரித்தவர்கள் கம்பியைப் பிரிக்க மறந்து, இந்தப் பொதுக்கம்பியை எல்லைக்கோட்டில் வெட்டிவிட்டால், வெட்டுக்கு அப்பால் உள்ள எல்லா வால்வுகளும் ஒரே நேரத்தில் செயலிழக்கும். அண்டை வீட்டாரின் புல்தரை ஒரு வாரம் கழித்துக் காயத் தொடங்கிய பின்னரே அது தெரியவரும். வெட்டும் முன் மின்தடைமானியால் ஒவ்வொரு சுருளையும் அளந்து, எது எந்த வால்வு என்று எழுதிவைப்பது நல்லது: நலமாக உள்ள சுருள் 20 முதல் 60 ஓம் வரை காட்டும், அதைவிட மிகக் குறைவாகக் காட்டினால் சுருள் எரிந்திருக்கிறது, எல்லையின்றி உயர்ந்தால் கம்பி அறுந்திருக்கிறது.

வெட்டிய இடத்தை அடைப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. கிளைக்குழாயின் கடைக்கோடியில் ஒரு மூடியை ஒட்டிவிட்டால் ஒழுகல் நிற்கும். ஆனால் மூடிக்கும் முதன்மைக் குழாய்க்கும் இடையே எஞ்சும் நீளத்தில் நீர் ஓட்டமின்றித் தேங்கும், குளோரின் மறையும், நுண்ணுயிர்கள் சுவரில் படலமாகப் படியும். ஆகவே கிளை பிறக்கும் மூட்டு வரை தோண்டிச் சென்று அங்கேயே அடைப்பது முறை. புதிய அமைப்பில் மின்காந்த வால்வுகள் சட்டென மூடும்போது எழும் நீரடியையும் கணக்கில் கொள்ள வேண்டும். விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் நீர் திடீரென நிறுத்தப்பட்டால், பிளாஸ்டிக் குழாயில் நான்கு பார் அளவுக்கும், விறைப்பான எஃகுக் குழாயில் பன்னிரண்டு பார் அளவுக்கும் கூடுதல் அழுத்தம் ஒரு கணம் பாய்கிறது. பிரித்த பிறகு இரவில் சுவருக்குள் கேட்கும் தடதடப்பு பெரும்பாலும் இதுதான்; குழாயைச் சற்று அகலமாக்கி நீரின் வேகத்தைக் குறைத்தால் அது அடங்கும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானதும், மிக எளிதாகக் கைவிடப்படுவதும் பின்னோட்டத் தடுப்பு. குழாயில் நீர் எப்போதும் வீட்டை நோக்கியே வருகிறது என்ற நம்பிக்கை தவறு. சாலையில் முதன்மைக் குழாய் உடைந்தாலோ, தீயணைப்பு வண்டி அருகில் பெருமளவு நீரை இழுத்தாலோ, பழுதுபார்ப்புக்காக வழங்கல் நிறுத்தப்பட்டாலோ குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் கீழே இறங்கி, திறந்திருக்கும் ஒவ்வொரு வாயும் உறிஞ்சத் தொடங்குகிறது. உரக்கரைசல் வாளியில் முனை மூழ்கிக் கிடக்கும் ரப்பர் குழாய், சேற்றில் அமிழ்ந்த தெளிப்பான், மீன்தொட்டியை நிரப்பிக்கொண்டிருக்கும் குழாய் ஆகிய மூன்றும் அந்த நேரத்தில் குடிநீர்க் குழாய்க்குள் அழுக்கை அனுப்பும் வாயில்களாக மாறும். பொதுக்குழாயில் இணைந்த வீடுகளில் ஒருவர் வாளியில் கரைத்த பூச்சிமருந்து மற்றவரின் சமையலறைக் குழாயை எட்டுவதற்கு வழி இருக்கிறது. 1933-இல் சிகாகோ நகரில் உலகக் கண்காட்சி நடந்தபோது, விடுதிகளின் பழுதான குழாய் இணைப்புகள் வழியே கழிவுநீர் குடிநீரில் கலந்து அமீபா வயிற்றுக்கடுப்பு பரவியதில் 98 பேர் இறந்தனர். குடிநீர்க்குழாயும் அழுக்குநீர்க்குழாயும் தொட்டுக்கொள்ளக் கூடாது என்ற விதியை குழாய்ப்பணிச் சட்டங்கள் இறுக்கமாக்கியதில் அந்தத் துயரத்துக்குப் பங்குண்டு.

தடுப்பு முறைகளில் எளிமையானது காற்றிடைவெளி: நீர் விழும் குழாயின் வாய்க்கும் தொட்டியின் உச்ச நீர்மட்டத்துக்கும் இடையே காற்று மட்டும் நிற்கும் இடைவெளி விடுவது. அடுத்தது, அழுத்தம் குறைந்ததும் தானே திறந்து காற்றை உள்ளே விடும் வால்வு. அதை எல்லாத் தெளிப்பான்களையும்விடக் குறைந்தது 15 சென்டிமீட்டர் உயரத்தில் பொருத்த வேண்டும், இல்லையேல் அது இருந்தும் பயனில்லை. உரம் கலந்து பாய்ச்சும் அமைப்பு என்றால், இரண்டு ஒருவழி வால்வுகளும் அவற்றுக்கிடையே அழுக்குநீரை வெளியே கொட்டிவிடும் அறையும் கொண்ட கருவி தேவை. இதில் சிக்கனம் பார்ப்பது அண்டை வீட்டுக் குழந்தை குடிக்கும் தண்ணீரில் சிக்கனம் பார்ப்பதாகும். 2006-இன் நீர்ச்சேவைத் தொழில் சட்டத்தின் கீழ், ஸ்பான் என்று அழைக்கப்படும் தேசிய நீர்ச்சேவை ஆணையத்தின் அனுமதி பெற்ற குழாய்ப்பணியாளர்களே இத்தகைய வேலையைச் செய்ய வேண்டும் என்பதற்கு உரிய காரணம் இங்கேதான் இருக்கிறது.

நீர்க்கட்டணம் பிரிவினைக்கு வேறொரு முகம் தருகிறது. ஜோகூரில் நீர் வழங்கும் ரன்ஹில் எஸ்.ஏ.ஜே. நிறுவனம் வீட்டு மீட்டர்களுக்கு விதிக்கும் கட்டணம் படிப்படியாக உயர்வது: மாதத்தின் முதல் 20 கனமீட்டருக்கு ஒரு விலை, அடுத்த 15 கனமீட்டருக்குக் கூடுதல் விலை, 35-ஐத் தாண்டினால் அதற்கும் மேல். மலேசியாவில் ஒருவர் நாளொன்றுக்கு 200 லிட்டருக்கு மேல் நீர் செலவழிப்பதால், நால்வர் வாழும் வீடு தோட்டத்தைத் தொடாமலேயே மாதத்துக்கு 24 கனமீட்டரை எட்டி இரண்டாம் படியில் நிற்கிறது. நூறு சதுரமீட்டர் புல்தரை மழையற்ற நாளில் ஏறத்தாழ 320 லிட்டர் நீரை ஆவியாகவும் இலைவழி நீராவியாகவும் இழப்பதாகக் கொண்டால், மாதம் முழுவதும் மழையின்றிப் போனால் அது கேட்பது ஏறக்குறைய 10 கனமீட்டர். அது முழுவதும் இரண்டாம் படியின் விலையில்தான் வந்து சேரும். கொஞ்சம் கசிந்தாலும் மூன்றாம் படியைத் தொடும். பொது அமைப்பில் இந்தச் செலவு குடியிருப்பின் நிர்வாகக் கழகத்தின் மீட்டரில் ஏறி, ஒவ்வொரு மனையின் பங்கு அலகுக்கு ஏற்பப் பராமரிப்புக் கட்டணத்தில் பிரிக்கப்படுவதால், முழு முற்றத்தையும் கல் பதித்தவரும் பசும்புல் வளர்ப்பவரும் ஏறக்குறைய ஒரே தொகையைச் செலுத்துகின்றனர். பிரித்த பிறகு, யார் எவ்வளவு பாய்ச்சுகிறார் என்பது முதன்முறையாக எண்ணில் தெரிகிறது. ஒருவர் தன் புல்தரைக்கு உண்மையில் எவ்வளவு நீர் தேவை என்று கேட்கத் தொடங்குவதும் அந்த எண்ணைக் கண்ட பிறகே என்பதால், பிரிவினையின் பெரும் பயன் இதுவே என்று கொள்ளலாம்.

மண்ணின் உரிமை தனிச் சிக்கல். ஸ்ட்ராட்டா குடியிருப்புகளில், ஒருவரது மனைக்கூற்றுக்குள் ஓடினாலும் பலருக்குப் பயன்படும் குழாய் பொதுச்சொத்தாகவே கருதப்படுவதால், 2013-இன் ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டத்தின்படி அமைந்த நிர்வாகக் கழகத்தின் ஒப்புதலின்றி அதைத் தொட முடியாது. தனி நில உரிமை உள்ள இரட்டை வீடுகளில் நிலை வேறு. அங்கே ஒருவர் மனையின் ஊடே மற்றொருவரின் குழாய் செல்வதற்கான உரிமையை 1965-இன் தேசிய நிலச் சட்டத்தின் கீழ் வசதியுரிமையாகப் பதிவு செய்யலாம். அதாவது, ஒரு நிலத்தின் பயனுக்காக அடுத்த நிலத்தின் மீது அமையும் வரையறுக்கப்பட்ட உரிமை அது. இங்கிலாந்துச் சட்டத்தில் நெடுங்காலப் பயன்பாடே உரிமையைத் தந்துவிடுவதுண்டு. மலேசியச் சட்டம் அதை ஏற்பதில்லை. இருபது ஆண்டுகளாக அண்டை மனையின் ஊடே ஓடிய குழாயாயினும், பதிவில்லாவிட்டால் அது அண்டை வீட்டாரின் இசைவால் மட்டுமே நிற்கிறது. வீட்டை விற்கும்போது இந்த இசைவு புதிய உரிமையாளரைக் கட்டுப்படுத்தாது என்பதால், பிரிவினையைக் கசப்பு வருமுன்பே, இரு தரப்பும் நல்லுறவில் இருக்கும்போதே முடித்துக்கொள்வது அறிவுடைமை.

ஜோகூர் மாநிலமே ஒரு பெரும் நீர்ப்பிரிவினையை அறிந்தது என்பதை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். 1924-இல் திறக்கப்பட்ட ஜோகூர் கடற்பாலம் சாலையையும் இரயிலையும் மட்டுமல்லாது நீர்க்குழாயையும் சுமந்தது; 1927 டிசம்பரில் கையொப்பமான உடன்படிக்கையின்படி குனோங் பூலாய் நிலங்களிலிருந்து சிங்கப்பூருக்கு நீர் சென்றது. 1942 ஜனவரி 31 அன்று பின்வாங்கிய பிரிட்டிஷ் படை பாலத்தைத் தகர்த்தபோது குழாயும் அறுந்தது. இரண்டு வாரம் கழித்து, பிப்ரவரி 15-இல், சிங்கப்பூர் சரணடைந்தபோது நகரத்தின் நீர் வழங்கல் சீர்குலைந்திருந்தது. இதற்கு மாறாக, 1961-இல் தெப்ராவ், ஸ்கூடாய் ஆறுகள் குறித்துச் செய்த உடன்படிக்கை 2011 ஆகஸ்ட் 31-இல் முடிந்தபோது பெரிய கலக்கம் ஏதும் நிகழவில்லை: இடைப்பட்ட ஆண்டுகளில் சிங்கப்பூர் மறுசுழற்சி நீரையும் கடல்நீர் நன்னீராக்கத்தையும் வளர்த்துக்கொண்டது, குனோங் பூலாய், ஸ்கூடாய் நீர்ச்சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்கும் நிலையிலேயே ஜோகூரிடம் ஒப்படைக்கப்பட்டன. 2061 வரை நீடிக்கும் 1962 உடன்படிக்கையின் கீழ் ஜோகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை நீர் இன்றும் தெற்கே செல்லலாம். சுத்திகரிக்கப்பட்ட நீரின் ஒரு பகுதி வடக்கே திரும்பி வருகிறது. ஒரே குழாய்ப்பாதையின் இரு முடிவுகளுக்கிடையே வேறுபாடு எங்கே இருக்கிறதென்றால், ஒன்றில் மாற்று நீர் தயாராகும் முன்பே குழாய் அறுந்தது, மற்றொன்றில் மாற்று நீர் தயாரான பின்பே பிரிவு நிகழ்ந்தது. புல்தரையின் அளவிலும் இதே வரிசை பொருந்துகிறது.

புல்தரைக்கான மாற்று நீர் ஜோகூரில் தலைக்குமேல் இருக்கிறது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் நிலம் இது. ஆனால் மழை நாள்தோறும் சமமாக வருவதில்லை. 2015-இல் சுங்கை லாயாங், லெபாம் அணைகளின் நீர்மட்டம் சரிந்து, பாசிர் கூடாங், கோத்தா திங்கி வட்டாரங்களில் நீர்ப்பங்கீடு நடைமுறைக்கு வந்தது. 2016 அக்டோபரில் லிங்கியூ அணை தன் கொள்ளளவின் ஐந்தில் ஒரு பங்குக்குச் சுருங்கியது. அத்தகைய மாதங்களில் சுத்திகரித்த குடிநீரைப் புல்லுக்குப் பாய்ச்சுவதை நியாயப்படுத்துவது கடினம். நூறு சதுரமீட்டர் கூரையில் பத்து மில்லிமீட்டர் மழை பெய்தால், ஒரு சதுரமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர் என்ற எளிய கணக்கின்படி ஆயிரம் லிட்டர் விழும். ஓடும் வழியில் நனைந்தும் சிதறியும் போவதைக் கழித்தால் 800 லிட்டர் கையில் சேரும். இதில் முதல் அரை மில்லிமீட்டர், அதாவது 50 லிட்டர் அளவு, கூரையின் தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவிவருவதால் அதை வெளியேற்றும் ஓர் ஏற்பாடு வேண்டும்.

தொட்டியின் அளவை முடிவு செய்வதில் பலரும் ஆண்டு மழையைப் பார்த்து ஏமாறுகின்றனர். தொட்டி நிரம்புவது ஒரே மாலைநேரப் பெருமழையில். அடுத்த மழை வரும்வரை எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதே அதன் கொள்ளளவை நிர்ணயிக்கிறது. 2,000 லிட்டர் தொட்டி மேற்சொன்ன புல்தரைக்கு ஆறு நாளுக்குச் சரியாகும். ஜோகூர் பாரு வட்டாரத்தில் பிப்ரவரியில் ஏற்படக்கூடிய நீண்ட வறண்ட இடைவெளிக்குப் போதாது. அந்த இடைவெளிக்கு ஏற்ற பெரிய தொட்டி வைக்க இடமில்லாதோர், தேவை மிகும்போது மட்டும் குடிநீர்க் குழாயிலிருந்து தொட்டியை நிரப்ப ஓர் இணைப்பை வைத்துக்கொள்ளலாம். அந்த இணைப்பில் காற்றிடைவெளி இன்றியமையாதது. 1998-இன் வறட்சிக்குப் பின், 1999-இல் வீடமைப்பு அமைச்சு மழைநீர் சேகரிப்புக்கு வழிகாட்டி வெளியிட்டது. இத்தனை ஆண்டுகள் கடந்த பின்னும், கூரையிலிருந்து நேராகக் கால்வாயில் இறங்கும் குழாய்களே தாமான்களில் கண்ணுக்குப் படுகின்றன என்பது வருத்தத்துக்குரியது. தொட்டியின் ஒவ்வொரு வாயையும் மெல்லிய வலையால் மூடுவது கட்டாயம்: நின்ற நீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால், நோய்பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அது குற்றமாகும், அதற்கும் முன்பே, அது அந்தத் தெருவின் டெங்கி நோயாகும்.

நீரை எவ்வளவு பாய்ச்சினாலும் மண் ஏற்காவிட்டால் பயனில்லை. வளமான மேல்மண் நீக்கப்பட்டு, உருளையால் அழுத்தப்பட்ட செம்மண் நிரப்பின் மேல் ஒரு மெல்லிய மண்படுகையும் கௌ கிராஸ் என்று தோட்டக்காரர்கள் அழைக்கும் அகன்ற இலைப் புல்லும் பரப்பப்பட்டிருக்கும் தாமான் முற்றங்களில், நீர் மணிக்குச் சில மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே இறங்குவதில்லை. சிறு தெளிப்பான்கள் அதே நேரத்தில் அதைப்போல் பல மடங்கு நீரைக் கொட்டுகின்றன. ஆகவே கட்டுப்பாட்டுப் பெட்டியில் இருபது நிமிடத்தை ஒரே மூச்சாக வைப்பதைவிட, ஐந்தைந்து நிமிடங்களாகப் பிரித்து, இடையில் அரை மணிநேரம் ஊற விடுவது அதே நீரில் கூடுதல் பயன் தரும். பொது அமைப்பில் நிர்வாகத்தின் ஒரே நேர அட்டவணை நிழல் விழும் முற்றத்துக்கும் நேர்வெயில் முற்றத்துக்கும் சேர்த்து அமைவதால் இந்த நுணுக்கத்துக்கு இடமிருப்பதில்லை. தனி அமைப்பின் மிகச் சிறந்த சுதந்திரம் இதுதான்.

பிரிந்து சென்றவரைப் பற்றியே பேசப்படுவதால், எஞ்சியவர்கள் அனுபவிக்கும் விளைவு மறைந்துவிடுகிறது. பொது அமைப்பில் ஒரு நீரேற்றி (பம்ப்) இருந்தால், அதன் திறன் எல்லா வீடுகளின் தேவையையும் கணக்கிட்டே தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும். ஒரு வீடு விலகியதும் தேவை குறைகிறது. மையவிலக்கு ஏற்றிகளில் ஓட்டம் குறையக் குறைய அழுத்தம் உயர்வதால், எஞ்சிய தெளிப்பான்கள் நீரைப் புகையாகச் சிதறடிக்கின்றன. அழுத்தத்துக்கேற்ப ஏற்றியை இயக்கும் அழுத்தவிசை, அதை நிமிடத்துக்குப் பலமுறை நிறுத்தியும் இயக்கியும் அதன் ஆயுளைக் குறைக்கிறது. இதனினும் மோசமானது, விலகிய வீட்டின் வால்வு எண் கட்டுப்பாட்டுப் பெட்டியின் நிரலிலிருந்து நீக்கப்படாமல் விடப்படுவது. நிரலே ஏற்றியை இயக்கும் அமைப்புகளில், அப்போது ஏற்றி தினமும் விடியற்காலையில் அந்த வீட்டுக்குரிய நிமிடங்கள் முழுவதும், மூடிய குழாயை எதிர்த்துச் சுழன்றுகொண்டிருக்கும். உள்ளே அடைபட்ட நீர் சூடேறும். சில வாரங்களில் தண்டின் அடைப்பு உருகி ஒழுகத் தொடங்கும். பிரிக்கும் ஒப்பந்தத்தில் புதிய மீட்டரும் புதிய குழாயும் எழுதப்படுவதைப் போல, பழைய ஏற்றியின் அழுத்தவிசையைத் திருத்துவதும் நிரலைச் சீரமைப்பதும் விலகுபவரின் செலவிலேயே என்று எழுதப்படுவது நியாயம்.

வேலை முடிந்த அன்று இரவு, வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரின் சிவப்புச் சக்கரம் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். அதன்பின் தோட்டத்தின் தனி வால்வை மூடி மீண்டும் பார்க்க வேண்டும். முதல் சோதனையில் சக்கரம் ஓடி, இரண்டாவதில் நின்றால் கசிவு தோட்டத்தில் உள்ளது; இரண்டிலும் ஓடினால் அது வீட்டுக்குள். பாய்ச்சும் நீரைப் பிரித்துவிட்ட பிறகும் வடியும் நீர் பொதுவாகவே இருக்கும்: புல்தரையில் ஊறாத நீரும் தொட்டி நிரம்பி வழியும் நீரும் மதிலோரக் கால்வாயில் இறங்கி, அடுத்த வீட்டைத் தாண்டியே செல்கின்றன. அந்தத் தொட்டியின் வழிந்தோடும் குழாய், மதிலை ஒட்டிய மண்ணில் கொட்டாமல் நேராகக் கால்வாயின் அடித்தளத்தில் முடிய வேண்டும். அங்கேயும் அதன் வாயில் ஒரு வலை இருக்க வேண்டும்.